ஸ்காபரோவின் சீன முதியோருக்கு இத்தனை வசதிகள் எப்படி வந்தன?

கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் தமிழ் முதியோர் ஒன்றுகூடலொன்றை நடத்திவரும் நீங்கள், அயலிலுள்ள சீன முதியோருக்குக் காலை உடற்பயிற்சி, மதிய உணவு, பகல்நேரப் பராமரிப்பு என்று தொடங்கி அவர்களுடைய மொழியிலேயே இயங்கும் பராமரிப்பு இல்லம் வரை எல்லாம் அமைந்திருப்பது எப்படி என்றும், பெற்றோரைத் தெய்வமாக மதிக்கும் அவர்களுடைய பண்பாடுதான் இதற்குக் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்ற எண்ணம் சீனக் குடும்பங்களில் ஆழ வேரூன்றியிருந்ததால்தான் முதியோர் இல்லம் என்ற பேச்சையே பலர் நெடுங்காலம் காதில் போட்டுக்கொள்ள மறுத்தார்கள். அந்தக் கடமையைக் கனடாவின் வேலை நேரமும் வீட்டு விலையும் பனிக்காலமும் எவ்வளவு தூரம் அனுமதிக்கும் என்பதைக் கண்கூடாகப் பார்த்த சில மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும், குடும்பங்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாகக் கட்டியெழுப்பியதே நீங்கள் இன்று பார்ப்பது.

கனடாவில் சீன முதுமையின் முதல் அத்தியாயம் குடும்பத்தைப் பிரிந்து தனித்து வாழ்ந்த ஆண்களுடையது. சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கனடியப் பசிபிக் ரயில்பாதை வேலை முடியும் தறுவாயில், 1885இல் சீனர்களுக்கு மட்டும் 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1900இல் அது 100 டொலராகவும் 1903இல் 500 டொலராகவும் ஏறியது. 1923இல் வந்த சட்டம் சீனர்களின் வருகையையே ஏறத்தாழ முற்றாக அடைத்தது; அது நீக்கப்பட்டது 1947இல்தான். இடைப்பட்ட காலத்தில் சலவைக் கடைகளிலும் உணவகங்களிலும் உழைத்த ஆண்கள், மனைவியை அழைத்துவர வழியின்றி, ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே இங்கு முதுமையடைந்தார்கள். அவர்களுக்குத் தங்க அறை, ஊர்க் கடிதம் வந்துசேர ஒரு முகவரி, இறந்தால் அடக்கம் செய்ய நாலு பேர் என்று எல்லாமாக இருந்தவை, ஒரே குலப்பெயர் கொண்டவர்களும் ஒரே மாவட்டத்தாரும் அமைத்த சங்கங்கள். அரசின் நிதியுதவி என்ற ஒன்றை அவை கண்டதில்லை. ரொறன்ரோவில் 1964இல் தோன்றிய மொன் ஷியோங் அறக்கட்டளை, சீனர் செறிந்து வாழ்ந்த பழைய சைனாடவுனின் நெருக்கத்திலேயே, டார்சி தெருவில், 1975இல் ஒரு முதியோர் இல்லத்தைத் திறந்தது.

நீங்கள் ஸ்காபரோவிலும் அதற்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரிலும் காணும் முதியோர் பெரும்பாலும் வேறொரு தலைமுறையினர். 1967இல், கல்வியையும் தொழில் திறமையையும் பார்த்துக் குடிவரவாளரைத் தெரிவுசெய்யும் புள்ளி முறை வந்தபின் படித்த இளைஞர்கள் வந்தார்கள். ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்பட்ட 1997க்கு முந்திய ஆண்டுகளில் அங்கிருந்தும், பின்னர் சீனப் பெருநிலத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அவர்களை நம்பிப் பெற்றோர் வந்தார்கள். சைனாடவுனில் தனியறையில் வாழ்ந்த கிழவருக்குக் குடும்பம் இல்லாவிட்டாலும் படியிறங்கினால் தெருவில் தன் மொழி கேட்கும். மார்க்கத்தில் மகனுடைய நான்கு அறை வீட்டில் வாழும் பாட்டிக்குக் குடும்பம் உண்டு, ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த வீடு காலியாகிவிடும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, பேருந்து நிறுத்தம் பதினைந்து நிமிட நடை, ஜனவரியில் அந்த நடையும் இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களே இவர்களில் மிகப் பலர். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அவர்களுடைய பகல் வெறுமையாகிறது; ஆனால் மூன்றரை மணிக்குள் பள்ளி வாசலில் நிற்க வேண்டியிருப்பதால் அந்தப் பகலும் முழுதாக அவர்களுக்குச் சொந்தமில்லை. முதியோர் நிகழ்ச்சியை எத்தனை மணிக்கு வைப்பது என்பது சின்ன விடயம்போலத் தோன்றும். பாட்டிமாரின் பள்ளிக் கடமையைக் கணக்கில் கொண்டு பகல் இரண்டு மணிக்குள் எல்லாவற்றையும் முடிக்கும் நிலையத்தில் கூட்டம் இருக்கும். மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் நிலையத்தில் ஊழியர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

இதோடு பணமும் சேர்கிறது. முதியோர் பென்சனைப் பெற 65 வயது மட்டும் போதாது. 18 வயதுக்குப் பின் குறைந்தது 10 ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும், முழுத்தொகைக்கோ 40 ஆண்டுகள். பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும் பிள்ளைகள், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், 20 ஆண்டுகள் அவர்களைத் தாங்குவதாக ஒப்பமிடுகிறார்கள். 2014க்கு முன் அது 10 ஆண்டுகளாக இருந்தது. பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்டகாலம் தங்கிச் செல்ல உதவும், 2011 டிசம்பரில் தொடங்கிய சுப்பர் விசாவில் வருபவர்களுக்குப் பென்சனும் இல்லை, மாகாண மருத்துவக் காப்புறுதியும் இல்லை. குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கான தனியார் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். ஊரில் ஆசிரியராகவோ தொழிற்சாலை மேற்பார்வையாளராகவோ இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், இங்கே பேருந்துக் கட்டணத்துக்கு மருமகளிடம் கைநீட்டும் நிலையை நினைத்துப் பாருங்கள். முதியோரிடம் மனம்விட்டுப் பேசிப் பார்த்தால், தனிமையைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அடியில் பெரும்பாலும் இந்தக் காசு விடயம் கிடக்கும். இலவசமாகவோ ஓரிரு டொலருக்கோ நடத்தப்படும் வகுப்புகள் அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அப்போது விளங்கும். நம்மவர்களின் கதையும் இதுவே என்பதால் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இனி அந்த நிலையங்களுக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். காலையில் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி, அல்லது பாட்டுக்கு ஆடும் வரிசை நடனம், பிறகு பாடல் குழு, தூரிகை எழுத்து, மேசைப் பந்து, கன்டனீஸ் நாடகப் பாடல், மதியம் சுடச்சுடச் சோறும் சூப்பும், குடிக்க வெந்நீர். வெந்நீரைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். மருத்துவமனைகளில் ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கும்போது, அதைத் தொடாமல் தாகத்தோடு படுத்திருக்கும் சீன முதியவர்களைத் தாதியர் நன்கு அறிவார்கள்.

எல்லாவற்றிலும் என் கவனத்தை ஈர்த்தது மாஜோங் என்ற சீன விளையாட்டின் மேசை. 144 வில்லைகளைக் கவிழ்த்து, நால்வரும் இரண்டு கைகளாலும் கலக்கும் ஓசை மண்டபத்தின் மறுகோடிவரை கேட்கும். வழக்கமான ஆட்டத்துக்கு நால்வர் தேவை, நம்முடைய 304 சீட்டாட்டம் போல. ஒருவர் வரவில்லையென்றால் மற்ற மூவரும் சும்மா இருக்கமாட்டார்கள்; ஆட்டம் கெடுகிறதே என்ற எரிச்சலிலேயே தொலைபேசியை எடுப்பார்கள். மறுமுனையில் பதில் இல்லையென்றால் அலுவலகத்தில் வந்து சொல்வார்கள். ஊழியர் மகளை அழைப்பார். மகள் வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு ஓடுவார். குளியலறையில் விழுந்து கிடப்பவரை நண்பகலுக்கு முன் கண்டுபிடிக்க இதைவிட மலிவான ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஐம்பது பேர் நாற்காலிகளில் அமர்ந்து சொற்பொழிவு கேட்கும் கூட்டத்தில் ஒருவர் குறைந்தால் யாருக்கும் தெரியவராது. நம் சங்கங்களின் முதியோர் நாள் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆட்டமும் பாட்டும் அவற்றின் அளவிலேயே நல்லவை. ஆனால் இந்த நிலையங்களை நடத்துகிறவர்களுக்கு அவை ஒரு வாசலும்கூட. உதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கக் கூசுகிற ஒரு தலைமுறையை, உதவி மையம் என்று பலகை மாட்டிய கதவுக்குள் அழைத்துவர முடியாது; நடனத்துக்கு அழைக்கலாம். நடனம் முடிந்து வெந்நீர் குடிக்கும் நேரத்தில் ஒரு பாட்டி கைப்பையிலிருந்து அரசாங்கக் கடிதம் ஒன்றை எடுத்து, மடித்தபடியே ஊழியரிடம் நீட்டுவார். மகனிடம் காட்டியிருக்கலாம், அவனுக்கு நேரமில்லை, அல்லது அவனைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனமில்லை. அந்தக் கடிதத்தில் இருப்பது சில வேளைகளில் ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான விடயம். எடுத்துக்காட்டாக, ஜி.ஐ.எஸ். என்று நாம் சொல்லும் வருமானக் குறைநிரப்புக் கொடுப்பனவு, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30க்குள் வரிக்கணக்குச் சமர்ப்பித்தால் பெரும்பாலும் தானாகவே புதுப்பிக்கப்படும். சமர்ப்பிக்காவிட்டால் ஜூலையில் நின்றுவிடக்கூடும். வருமானமே இல்லாதவர் எதற்கு வரிக்கணக்குச் சமர்ப்பிக்கவேண்டும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பாலேயே பணத்தை இழப்பவர்கள் உண்டு. அதனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சீன நிலையங்கள் தொண்டர்களைக் கொண்டு வரிக்கணக்கு நிரப்பும் நாள்களை நடத்துகின்றன. இதற்காகத் தொண்டர்களுக்குப் பயிற்சியும் மென்பொருளும் தரும் திட்டமொன்றை வருமானவரித் துறையே வைத்திருக்கிறது. தூதரகத்திலிருந்து பேசுவதாக மாண்டரின் மொழியில் மிரட்டிப் பணம் பறிக்கும் தொலைபேசி மோசடியைப் பற்றிய எச்சரிக்கையும், ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

மனநலத்துக்கு இந்த வாசல் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. மனச்சோர்வு என்று ஒரு சீன முதியவர் மருத்துவரிடம் சொல்வது அரிது. தூக்கமில்லை, தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் சொல்வார். அதை எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் வேண்டும். ரொறன்ரோவில் 1982இல் தொடங்கிய ஹொங் ஃபூக் மனநலச் சங்கம் அதற்காகவே பிறந்தது. சீனர்களோடு கொரிய, வியட்நாமிய, கம்போடிய மக்களுக்கும் அது பணியாற்றிவருகிறது.

உடல் தளர்ந்த பின் என்ன செய்வது என்ற கேள்விக்கு வட அமெரிக்காவின் முன்னோடிப் பதில் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனிலிருந்து வந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் பராமரிப்பு இல்லமே இல்லை; இல்லத்துக்குப் போகவேண்டியவர் ஊருக்கு அப்பால், மொழி தெரியாத இடத்துக்குப் போகவேண்டும். வில்லியம் ஜீ என்ற பல் மருத்துவரும் மேரி-லூயிஸ் ஆன்சாக் என்ற சமூகப் பணியாளரும் முன்னின்று உருவாக்கிய ஓன் லோக் அமைப்பு, புதிய இல்லம் ஒன்றைக் கட்டுவதற்குப் பதிலாக, இங்கிலாந்தின் பகல்நேர மருத்துவமனைகளைப் பார்த்து, ஒரு பகல்நேர நிலையத்தை 1973இல் திறந்தது. முன்பு இரவு விடுதியாக இருந்த கட்டடம் அது. காலையில் வாகனம் வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்லும். நிலையத்தில் மருத்துவர், தாதி, உடலியக்கச் சிகிச்சை, உணவு, ஆட்டம் எல்லாம் ஒரே கூரையின்கீழ். மாலையில் சொந்தப் படுக்கைக்குத் திரும்பலாம். ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையைப் பெற்று, அதற்குள் எல்லாப் பராமரிப்பையும் தருவது அதன் நிதி ஏற்பாடு. ஒருவர் நலமாக இருந்தால்தான் நிலையத்துக்குச் செலவு குறையும். 1997இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதை நிரந்தரத் திட்டமாகச் சட்டத்தில் சேர்த்தது. இன்று பல மாநிலங்களில், சீனர்களே இல்லாத ஊர்களிலும், 55 வயதை எட்டி, இல்லப் பராமரிப்புத் தேவைப்படும் நிலையில் உள்ளவர்களுக்காக இந்த முறையில் நிலையங்கள் இயங்குகின்றன. கனடாவின் மருத்துவ நிதி ஏற்பாடு வேறு என்பதால் அது அப்படியே இங்கு வரவில்லை. பகல்நேரப் பராமரிப்பு என்ற கருத்தை மட்டும், 1976இல் தொடங்கிய கேர்ஃபர்ஸ்ட் போன்ற ரொறன்ரோ அமைப்புகள் தம் அளவில் நடைமுறைப்படுத்திவருகின்றன.

ஸ்காபரோவில் எல்லோரும் சுட்டிக்காட்டும் யீ ஹொங் நிலையத்துக்கு வருகிறேன். பொதுவான பராமரிப்பு இல்லங்களில் இருந்த சீன நோயாளிகள் யாரோடும் பேச முடியாமலும், தரப்படும் உணவை உண்ண முடியாமலும் ஒடுங்கிப்போவதைக் கண்ட ஜோசப் வோங் என்ற குடும்ப மருத்துவர் 1987இல் அதைத் தொடங்கினார். முதல் இல்லம் மக்னிக்கல் வீதியில் 1994இல்தான் 90 படுக்கைகளோடு திறந்தது. இடையில் போன ஏழு ஆண்டுகளும் பணம் திரட்டவும், அரசிடம் படுக்கை உரிமம் கேட்டு நடக்கவும் கழிந்தவை. மாகாண அரசு உரிமம் தந்து பராமரிப்புச் செலவையும் பெருமளவு ஏற்கும். ஆனால் நிலம், கட்டடம், தன் மக்களுக்கு ஏற்ற கூடுதல் வசதிகள் ஆகியவற்றுக்குச் சமூகமும் கைகொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் அவர்களுடைய பெரிய நிதி திரட்டும் விருந்தும் தொலைக்காட்சி நிதிசேகரிப்பும் அதற்காகத்தான். பின்னர் மார்க்கம், மிசிசாகா, ஸ்காபரோ ஃபிஞ்ச் என விரிந்து, நான்கு இல்லங்களிலும் சேர்த்து 805 படுக்கைகள் ஆயின. ஃபிஞ்ச் வீதி இல்லத்தில் தெற்காசியர், ஜப்பானியர், பிலிப்பினோ முதியோருக்கும் இடமுண்டு என்பது நம் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாது. மறதிநோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் உதிர்ந்து தாய்மொழி மட்டும் எஞ்சுவது பலரிடம் காணப்படும் ஒன்று. நாற்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்திய ஒருவரும் கடைசியில் தன் ஊர்ப் பேச்சில்தான் தண்ணீர் கேட்பார். மொழிவழி இல்லம் என்பது ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மட்டுமான சலுகை என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்ற எண்ணத்தோடு உங்களை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. சீனர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்பவர்களுக்குள் தொய்சான் பேச்சு, கன்டனீஸ், மாண்டரின், ஃபுஜியன் பேச்சு என்று பிரிவுகள் உண்டு. ஹொங்கொங்காருக்காகத் தொடங்கிய நிலையத்தில் பெருநிலத்தார் பெருகும்போது, எந்தத் தொலைக்காட்சி, எந்த எழுத்துமுறையில் அறிவித்தல், எந்தப் பாட்டு என்பதெல்லாம் உரசலாகின்றன. 2019இன் ஹொங்கொங் போராட்டங்களைப் பற்றிய பேச்சை மேசையில் எடுக்கக்கூடாது என்பது பல குழுக்களில் எழுதாத விதி. ஆண்கள் குறைவாகவே வருகிறார்கள். மனைவி இறந்தபின் வீட்டிலேயே முடங்கும் ஆண்களை எந்த நடனமும் இழுப்பதில்லை. சூதாட்ட விடுதிகள் இந்தத் தனிமையை நிலையங்களுக்கு முன்னரே மோப்பம் பிடித்துவிட்டன என்று சொல்லலாம்; நியூயோர்க்கின் சீனர் வாழ் பகுதிகளிலிருந்து விடுதிகளுக்கு ஓடும் பேருந்துகளில், விளையாடுவதற்காக அல்லாமல், பயணத்துக்கும் கையில் தரும் கூப்பனுக்குமாகவே ஏறும் முதியோர் உண்டு. வாகன வசதி, தன் மொழியில் பேச்சு, போய் உட்கார ஓர் இடம் ஆகிய மூன்றையும் அந்தப் பேருந்துகள் தருகின்றன என்பது கசப்பான உண்மை.

மேலும், இல்லப் படுக்கைக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளுகிறது. ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் ஒருவர் பொதுவாக ஐந்து இல்லங்களைத் தெரிவுசெய்து பட்டியலில் பெயர் போடலாம்; குறித்த இனத்தாருக்கென இயங்கும் இல்லங்களில் அவ்வினத்தாருக்குத் தனி முன்னுரிமை வகையும் இருக்கிறது. ஆனால் 2022இல் வந்த சட்டப்படி, மருத்துவமனையில் சிகிச்சை முடிந்தும் இடம் கிடைக்காமல் இருப்பவரை, அவர் தெரிவுசெய்யாத, தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் வரை தொலைவிலுள்ள இல்லத்துக்கும் ஒதுக்கலாம். போக மறுத்தால் நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படும். மொழி தெரிந்த இல்லத்துக்காகக் காத்திருக்கும் சீனரையும் தமிழரையும் இந்தச் சட்டம் ஒரே மாதிரித்தான் தாக்குகிறது. ஆகவே, விழுந்து மருத்துவமனைக்குப் போனபின் பெயர் போடும் வழக்கத்தை நம் குடும்பங்கள் விடவேண்டும் என்பதை உங்கள் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

உங்கள் குழு இப்போது செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், கட்டடக் கனவை ஒத்திவைக்கச் சொல்வேன். மொன் ஷியோங்குக்கும் யீ ஹொங்குக்கும் கட்டடம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆட்களும் நம்பிக்கையும் சேர்ந்திருந்தன. பேருந்திலிருந்து இறங்கி ஐந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய இடமாகப் பாருங்கள். ஃபிஞ்ச்–மக்கோவன் சந்திக்கு அருகிலுள்ள உட்சைட் சதுக்கம்போல இரு சமூகத்து முதியோரும் ஏற்கெனவே வந்து உட்காரும் கடைத்தொகுதிகளின் அயலில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மத்திய அரசின் நியூ ஹொரைசன்ஸ் திட்டம் முதியோர் முன்னின்று நடத்தும் சமூக முயற்சிகளுக்கு 25,000 டொலர் வரை தருகிறது. மாகாணத்திடமும் முதியோருக்கான சமூக மானியம் இருக்கிறது. இரண்டுக்கும் பதிவுபெற்ற இலாப நோக்கற்ற அமைப்பாக இருப்பது நல்லது. உங்களிடம் பதிவு இல்லையென்றால், பதிவுள்ள ஓர் அமைப்பின் நிழலில் முதல் விண்ணப்பத்தைப் போடலாம். கிடைக்கும் பணத்தில் ஒலிபெருக்கியும் மேடை அலங்காரமும் வாங்காமல், வாரத்தில் இரண்டு நாள்கள் கடிதம் வாசித்துப் படிவம் நிரப்பக்கூடிய, தமிழும் ஆங்கிலமும் சரளமாகத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். மானிய விதிகள் நிரந்தர ஊழியர் சம்பளத்துக்கு இடம் தராமல் போகலாம். அப்போது அவருடைய பணியை அந்தத் திட்டத்தின் செயற்பாடாகவே விண்ணப்பத்தில் எழுதுங்கள். யீ ஹொங் ஃபிஞ்ச் இல்லத்தின் தெற்காசியப் பிரிவைப் பார்வையிட முன்கூட்டியே நேரம் கேட்டு, உங்கள் உறுப்பினர்களில் பத்துப் பேரையும், முக்கியமாக அவர்களுடைய பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். இல்லப் பட்டியலில் பெயர் போடும் விண்ணப்பத்தைப் பற்றிய பேச்சை அந்தப் பயணத்தின்போதே தொடங்கிவிடலாம்.